காரைக்குடி அடுப்பு மூணாறு ஏறும்போது

மலையில் ‘செட்டிநாடு மெஸ்’ என்று பலகை மாட்ட யாருக்கும் தடையில்லை, மாட்டியும் இருக்கிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆளும் பொடியும் பாத்திரமுமாக மேலே போய்க் கடை நடத்துகிறவர்களின் பாடு வேறு. கீழே கல்யாணப் பந்தியில் ஆயிரம் இலைக்கு அசராத மாஸ்டர், மூணாறில் முதல் வாரமே திணறுவார். இட்லி கல்லாகும். பருப்பு வேகாது. சுக்கா வறுவல் மேசைக்குப் போவதற்குள் வெள்ளையாக உறைந்து, எண்ணெய் மட்டம் என்று பேர் வாங்கும். கைப்பக்குவம் கெட்டதென்று அவர் கவலைப்படுவார். உயரமும் குளிரும் ஈரமும் என்ன செய்யும் என்று தெரிந்தால் பாதிக் கவலை தீரும். மீதிப் பாதி, அந்த ஊர் யாரால் ஆன ஊர், யார் எந்த நேரத்தில் எதைச் சாப்பிட வருகிறார்கள் என்பது தெரிந்தால்தான் தீரும்.

வழியிலிருந்து தொடங்கலாம். கொச்சியில் கிளம்பி மூணாறு, போடி, தேனி, மதுரை, சிவகங்கை வழியாகத் தொண்டிக் கடற்கரைக்கு வருகிற 85-ம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் மாவட்டத்தைக் குறுக்கே வெட்டித்தான் போகிறது. ஆகவே சாமான் ஏற்றுவதற்குச் சுற்றுவழி தேவையில்லை. காரைக்குடியிலிருந்து மேலூர் வழியாக மதுரை சுமார் 90 கிலோமீட்டர். மதுரையிலிருந்து மூணாறு இன்னும் 150-க்கு மேல். போடிக்கு அப்பால்தான் வேலை. போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மெட்டைத் தாண்டிப் பூப்பாறை, அப்புறம் தேவிகுளத்துக்கு முன்னால் கேப் ரோடு. இந்த கேப் ரோட்டில் மழைக்காலத்தில் மண் சரிவது வழக்கம். சரிந்தால் லாரி நாள்கணக்கில் நிற்கும். ஏற்றத்துக்கு இரவு வண்டி வேண்டாம். விடிகாலையில் போடியில் இருக்கிற மாதிரி கிளம்பினால் பனி விலகியதும் ஏறிவிடலாம். சாமானை நிறைய ஏற்றுவதைவிட இறுக்கமாகக் கட்டுவது முக்கியம். வளைவுக்கு வளைவு உரசி மசாலாப் பாக்கெட்டின் ஓரம் பிரிந்துவிட்டால், மேலே போய்ச் சேர்வதற்குள் ஈரம் உள்ளே புகுந்திருக்கும்.

இனி ஊர். மூணாறு தானாக முளைத்த ஊர் இல்லை, வேலைக்காகக் கட்டப்பட்ட ஊர். 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். சிங்கோனா, காபி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். 1880-ல் பார்வதி எஸ்டேட்டில் ஏ.எச். ஷார்ப் என்பவர் 50 ஏக்கரில் தேயிலை வைத்ததுதான் தொடக்கம். காடு வெட்டவும் கொழுந்து எடுக்கவும் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிப் போனார்கள். பஞ்சத்துக்கும் கடனுக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி ஏறிய சனம் அது. ஐந்தாறு தலைமுறை ஆகியும் லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பேச்சு தமிழ்தான். துரைகளும் கிளப்பும் ஆங்கிலம். கணக்கெழுதவும் கடை வைக்கவும் பள்ளி நடத்தவும் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மலையாளம். காட்டுக்கு உரியவர்களான முதுவர்கள் தங்களுக்குள் தனிப் பேச்சு பேசுவார்கள். அவர்களுடைய இடமலைக்குடி 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. டவுனில் சுப்பிரமணியசாமி கோயில், மவுண்ட் கார்மல் தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்த்தாலே யார் யார் ஏறி வந்தார்கள் என்பது புரிந்துவிடும்.

1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. 1908-ல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். 1924 வெள்ளம் பாதையையும் டவுனையும் சேர்த்து அடித்துப் போனபின் ரயில் திரும்ப வரவே இல்லை. மொழிவாரி மாநிலம் பிரியும்போது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராடினார்கள். 1956-ல் அவை கேரளத்தோடு நின்றன. தேயிலைக் கம்பெனியும் கைமாறியது. 1964-ல் தோட்டங்களை நடத்திய ஃபின்லே கம்பெனியோடு டாடா கூட்டுச் சேர்ந்தது. 1983-ல் டாடா டீ ஆனது. 2005-ல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள கே.டி.எச்.பி. (கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ்) வந்தது. 2015 செப்டம்பரில் போனஸ் வெட்டுக்கு எதிராகப் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கொடியையும் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். டவுனே நின்றுபோனது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கடை போடுகிறவர் இதையெல்லாம் வரலாற்றுப் பாடமாகப் படிக்க வேண்டியதில்லை. யாருடைய ஊரில் அடுப்பு மூட்டுகிறோம் என்று தெரிந்தால் போதும்.

ஏனென்றால் சுற்றுலாக்காரரை மட்டும் நம்பி வைத்த கடைகள்தான் அங்கே முதலில் மூடுகின்றன. டிசம்பர் கடைசி, ஏப்ரல்–மே, ஓணம், பூஜை விடுமுறை, தீபாவளி வாரம் இவ்வளவுதான் பெருங்கூட்டம். ஜூனில் மழை இறங்கினால் ஆகஸ்டு வரை ஈ ஓட்ட வேண்டும். 12 வருஷத்துக்கு ஒருமுறை வரும் குறிஞ்சியை நம்பி முதல் போடுவதும் ஆபத்து. 2018-ல் பூத்த ஆகஸ்டில்தான் பெருவெள்ளமும் வந்து சாலைகள் அறுந்தன. அடுத்தது 2030. வருஷம் முழுக்கக் கடையைத் தாங்குவது லயத்துக் குடும்பங்கள், டிரைவர்கள், ஜீப்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், டவுன் கடைக்காரர்கள். அதனால் விலைப் பலகையில் மேலே அவர்கள் சாப்பாடு இருக்க வேண்டும். நண்டு மசாலாவும் காடை வறுவலும் கீழே போகட்டும். கெட்டிக் குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர், அப்பளத்தோடு அளவுச் சாப்பாடு ஒன்று, கூடவே கேட்டால் மட்டும் கறி. இதுதான் நிற்கும்.

லயமும் முன்பு மாதிரி இல்லை. ஓய்வுபெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்த நிலம் கிடையாது. சேர்த்த பணத்தில் போடி, தேனி, ராஜபாளையம் பக்கம் இரண்டு சென்ட் வாங்கி இறங்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பூர், கோவை, எர்ணாகுளம் என்று போகிறார்கள். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடி 70 பேரைக் கொண்டுபோனபின், மழைக்காலத்தில் பிள்ளைகளைக் கீழே சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. காலியான இடத்தில் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா, வங்கத்துக் குடும்பங்கள் கொழுந்தெடுக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை டவுன் சந்தையில் நின்று கேட்டால் தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம், சாந்தாலி எல்லாம் காதில் விழும். இந்தப் புது ஆட்கள் ஞாயிறன்று சமைப்பதற்குக் கோழியும் உருளைக்கிழங்கும் வாங்கிப்போவார்களே தவிர, நம் கடைக்கு அதிகம் வர மாட்டார்கள். வந்தால் கேட்பது சோறும் மீன் குழம்பும். நம் மிளகு காரம் அவர்களுக்குச் சேராது. கடுகு எண்ணெயில் ஒரு மீன் வறுவல் தனியே வைத்துப் பாருங்கள், நிற்க இடமிருக்காது.

அரிசி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. தமிழ் வாடிக்கையாளருக்குப் பொன்னிப் புழுங்கல், மலையாளிக்கு மட்டை அரிசி. ஒரே சோற்றை இருவருக்கும் போட்டால் இருவரும் வர மாட்டார்கள். இரண்டு பானை வேண்டும். வடக்கத்திச் சுற்றுலாக்காரரில் வெங்காயம், பூண்டு தொடாத குஜராத்திக் குடும்பங்கள் கணிசம். அவர்களுக்கென்று ஒரு பருப்பு, ஒரு உருளைக்கிழங்கு, சப்பாத்தி போதும். ஆனால் அதற்குத் தனி வாணலி, தனிக் கரண்டி இருப்பதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி வையுங்கள். வாய்ச்சொல்லை நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் மாலை போட்டவர்களுக்கும் அதே அடுப்பு உதவும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் கிறிஸ்தவ வீடுகள் கறி தவிர்ப்பதால் ஆட்டுக்கறிக்கான ஆர்டரை அந்த வாரங்களில் பாதியாகக் குறையுங்கள்.

இப்போது அடுப்படி. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். மூணாறு டவுன் சுமார் 1,500 மீட்டர். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் ஆவிதான் அதிகமாகும், சூடு ஏறாது. மாஸ்டர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: கொதி வந்துவிட்டதென்று கண் சொல்லும், ஆனால் அரிசிக்கும் பருப்புக்கும் கறிக்கும் அந்தச் சூடு பற்றாது. தீயைக் கூட்டினால் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும், நடுவில் வேகாமலும் நிற்கும். செய்ய வேண்டியது ஊறலையும் நேரத்தையும் கூட்டுவது. பொன்னிப் புழுங்கல் கீழே 20 நிமிஷம் ஊறினால் போதும் என்றால் மேலே 45 நிமிஷம். மட்டை அரிசிக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வடிசோற்றுக்கு உலைநீர் கீழே வைப்பதைவிடக் கால் பங்கு கூடுதல். தட்டு மூடி, மேலே கனம் வைத்து வேகவிட்டு, விரலில் நசுக்கிப் பார்த்தபின்தான் வடிக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து வடிக்கக் கூடாது.

துவரம்பருப்பைத் திறந்த பானையில் வேகவைக்கும் பழக்கத்தை மலையடிவாரத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள். குக்கர்தான். குக்கருக்குள் இருக்கும் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தத்தின் மேல்தான் ஏறுகிறது. ஆகையால் அங்கேயும் சூடு சற்றுக் குறையும்; கீழே 20 நிமிஷமென்றால் மேலே 23. உப்பு, புளி, தக்காளி எதுவும் பருப்பு மலர்வதற்கு முன் படக் கூடாது. ஆட்டுக்கறிக்கு முதலில் மஞ்சள், உப்பு, கொஞ்சம் சின்ன வெங்காயம் போட்டுக் குக்கரில் முக்கால் பதம் எடுத்து, அந்தச் சாற்றோடு மசாலாவில் புரட்டுங்கள். நேரே வாணலியில் போட்டுச் சுண்ட வைக்கிற நம் சுக்கா முறை அங்கே எடுபடாது. மசாலா கருகும்போதும் கறி ரப்பராகவே இருக்கும்.

கொழுப்பு உறைவது தனிச் சங்கடம். ஆட்டுக்கொழுப்பு நம் கைச்சூட்டுக்கு மேலேயே உறையத் தொடங்கும். 15 டிகிரி அறையில் குளிர்ந்த பீங்கான் தட்டில் வைத்தால் இரண்டு நிமிஷத்தில் மேலே வெள்ளைப் படலம். சாற்றை ஆறவிட்டு மேலே திரளும் கொழுப்பை எடுத்துவிடுங்கள். தாளிப்புக்கு நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ. தட்டுகளைக் கொதிநீர் பாத்திரத்தின் மேல் அடுக்கிச் சூடாக வைத்திருந்து பரிமாறுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் மூணாறில் ஆண்டின் பெரும்பகுதி அது கட்டிதான். வாய் அகன்ற டின்னில் வாங்கினால் கரண்டியால் வெட்டியெடுக்கலாம். குறுகிய வாய் கேனில் வாங்கிவிட்டு அதை அடுப்போரம் சாய்த்து வைக்கும் கடைகளைப் பார்க்கலாம். தீ விபத்துக்கு அழைப்பு அது.

இட்லி மாவு பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். காரைக்குடி வெயிலில் நம் கவலையெல்லாம் மாவு சீக்கிரம் புளித்துவிடக் கூடாதென்பது. கிரைண்டரில் ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டுகிறோம். மேலே அதே கையால் ஐஸ் இல்லாவிட்டாலும் குழாய்த் தண்ணீர் விட்டாலே மாவு தூங்கிவிடும். மாவு பொங்குவதற்கு 28 முதல் 32 டிகிரி வேண்டும். ஜனவரி இரவில் டவுனில் 10 டிகிரிக்குக் கீழே போகும். செண்டுவாரை, சேவன்மலை எஸ்டேட் பக்கம் உறைபனியே விழும். அந்தக் குளிரில் வெளியே வைத்த மாவு மறுநாள் சாயந்திரம் வரை அப்படியே கிடக்கும். சோடா போட்டு உப்ப வைக்கலாம், ஆனால் புளிப்பு மணம் வராது, இட்லி ஆறினதும் மஞ்சள் பூக்கும்.

சரியான வழி இது. கீழே 10 கிலோ இட்லி அரிசிக்கு 2 கிலோ உளுந்து என்றால் மேலே இரண்டரை. வெந்தயம் 50 கிராமுக்குப் பதில் 100. அரை கிலோ கெட்டி அவல் சேர்த்தால் நல்லது. ஊற வைக்கும் நீரும் ஆட்டும் நீரும் வெதுவெதுப்பாக, கை பொறுக்கும் சூட்டுக்கு ஒரு படி கீழே இருக்கட்டும். மாவு கிரைண்டரை விட்டு வரும்போது 30 டிகிரி இருக்க வேண்டும். நூறு ரூபாய்ச் சங்கதிதான் வெப்பமானி, வாங்கிக்கொள்ளுங்கள். உப்பில் பாதியை மட்டும் இப்போது போட்டு, மீதியைப் பொங்கியபின் கலக்குங்கள், உப்பு அதிகமானால் பொங்குவது மந்தப்படும். நான்கடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று அடித்து, உள்ளே இரண்டு அங்குலத் தெர்மோகோல் ஒட்டி, மூடிக்கு ரப்பர் பட்டை கொடுங்கள். மாவுப் பாத்திரங்களைப் பாதி மட்டும் நிரப்பி உள்ளே வைத்து, நடுவில் கொதிநீர் நிரப்பிய 20 லிட்டர் எவர்சில்வர் டிரம் ஒன்று. ஆறு மணி நேரம் கழித்து ஒருமுறை வெந்நீர் மாற்றினால் 10–12 மணி நேரத்தில் பொங்கிவிடும். டிரம்மை மாவுப் பாத்திரத்தோடு ஒட்டி வைத்தால் அந்தப் பக்கம் வெந்து கட்டி தட்டும், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடுப்புமேடை மேல் மாவை வைப்பது வேண்டாம்: அடி சுட்டு மேல் குளிர்ந்து, புளிப்பும் பச்சை வாடையும் ஒரே பாத்திரத்தில் கிடைக்கும்.

இதற்கு மாறாக, புளிக்க வேண்டாத நம் பலகாரங்கள் மலைக்கென்றே பிறந்தவை. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டையும் சேர்த்து ஊறவைத்து நைஸாக ஆட்டி உடனே சுட வேண்டியதுதானே. கந்தரப்பம், கும்மாயம், பால் கொழுக்கட்டை எல்லாம் அப்படியே. சாயந்திரம் நாலரைக்கு வேலை முடிந்து டவுனுக்கு வருகிறவர்களுக்குச் சூடான பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் கொடுத்தால், டீயோடு சேர்த்து அந்த ஒரு மணி நேர வியாபாரம் மதியச் சாப்பாட்டைத் தொட்டுவிடும். ஒரே எச்சரிக்கை: மாவிலுள்ள நீர் மேலே சீக்கிரம் ஆவியாவதால் வெளிப்புறம் முந்திச் சிவந்து உள்ளே ஈரமாக நிற்கும். எண்ணெய்ச் சூட்டைக் கீழே வைப்பதைவிட 7–8 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பணியாரம் சிவந்தால் அது வெள்ளைப் பணியாரமே இல்லை என்று ஆச்சிகள் சொல்வது எங்கேயும் செல்லும்.

கேஸ் சிலிண்டர் குளிரில் படுத்துவிடும். உள்ளே இருக்கும் திரவம் ஆவியானால்தான் கேஸ். குளிர்ந்தால் ஆவியாவது குறையும், நாலு அடுப்பும் ஒரே சிலிண்டரில் இழுத்தால் அது இன்னும் குளிர்ந்து அடியில் பனி பூக்கும். தீ மஞ்சளாகித் தணியும். சிலிண்டரில் பாதி இருக்கும்போதே தீர்ந்துவிட்டதென்று மாற்றிவிடுவார்கள், காசு போகும். 19 கிலோ சிலிண்டர்களை இரண்டாக இல்லாமல் நாலாக ஒரே குழாயில் இணைத்து இழுத்தால் ஒவ்வொன்றிலும் சுமை குறையும், கடைசி வரை எரியும். சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவது, அடுப்புக்கு அருகில் நகர்த்துவது, படுக்க வைப்பது எதுவும் கூடாது. காற்றோட்டமுள்ள கம்பிக்கூண்டில் நிமிர்ந்தபடி வெளியே நிற்கட்டும். விறகடுப்பு வைக்கிறவர்கள் கிராண்டிஸ் எனப்படும் யூகலிப்டஸ் விறகையே ரசீதோடு வாங்க வேண்டும். மலிவாகக் கொண்டுவந்து இறக்கும் விறகு எந்தக் காட்டில் வெட்டியதென்று தெரியாது. வனத்துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அடுப்புக்காரர்.

மசாலாவுக்கு எதிரி ஈரம். ஜூன் தொடங்கி வெயிலை மறந்துவிட வேண்டும், காயவைப்பதென்ற பேச்சே கிடையாது. மிளகாயும் மல்லியும் காரைக்குடியிலேயே காய்ந்து அரைபட்டு ஏறட்டும். குழம்புத்தூளுக்கு ராமநாதபுரம் குண்டு மிளகாய் 1 கிலோ, மல்லி ஒன்றரை, சீரகம், சோம்பு, மிளகு தலா 200 கிராம் என்ற கணக்கு மூணாறுக்கும் பொருந்தும். ஆனால் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி இவற்றை அதில் அரைக்காதீர்கள். முழுதாகக் கொண்டுபோய் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வெறும் வாணலியில் வறுத்துப் பொடியுங்கள். கல்பாசிதான் முதலில் பூசணம் பிடிக்கும். அதை மட்டும் கண்ணாடிப் பாட்டிலில் அரிசிப் பொட்டலம் போட்டு மூடுங்கள். தூளை ஒரு கிலோ பாக்கெட்டுகளாக இரட்டை உறையில் ஒட்டி, ஒன்று தீர்ந்தபின்தான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும். பத்துக்கிலோ டின்னைத் திறந்து வைத்தால் இரண்டாம் வாரம் கட்டி தட்டும், மூன்றாம் வாரம் வண்டு. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை விற்கிறவர்களுக்கும் இதுதான்: 100 கிராம் பாக்கெட், மெழுகு ஒட்டு. தராசில் நிறுத்துக் கொடுக்கும் விற்பனை மழைக்காலத்தில் வேண்டாம், சாயந்திரத்துக்குள் நமுத்துப்போகும்.

ஏலக்காயும் மிளகும் மட்டும் கீழிருந்து சுமக்காதீர்கள். புற்றடியிலும் போடியிலும் ஏலம் போய் நம் சந்தைக்கு இறங்குகிற அதே காயைத் திரும்ப மலைக்கு ஏற்றுவது கூலிக்குக் கேடு. பூண்டுக்குக் காந்தளூர்–வட்டவடை, வெல்லத்துக்கு மறையூர்; இரண்டும் நம் குழம்புக்கும் பணியாரத்துக்கும் ஊர்ச் சரக்கைவிட ஒரு கை மேலாகவே இருக்கும். கேரட், பீன்ஸ், முட்டைக்கோசும் வட்டவடையிலிருந்து. சின்ன வெங்காயம், முருங்கை, கத்தரி, வாழைப்பூ மட்டும் தேனிப் பக்கத்திலிருந்து வரவேண்டும்.

கட்டடம் எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். கண்ணன் தேவன் மலையில் நிலத்தின் கதை சிக்கலானது. 1971-ல் அரசு நிலங்களை மீட்கும் சட்டம் வந்தது. 2007-ல் ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்தார்கள். 2010 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் வருவாய்த்துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் அப்பகுதியில் கட்டட அனுமதி கிடையாது. ‘அண்ணே, நீங்க போடுங்க, பின்னால பாத்துக்கலாம்’ என்று எந்தத் தரகர் சொன்னாலும் புதிதாக ஒரு தகரக் கூரைகூடப் போட வேண்டாம். ஏற்கெனவே ஓட்டல் நடந்த, ஊராட்சி எண்ணும் வரி ரசீதும் பழைய உரிமமும் உள்ள கடையை வாடகைக்கு எடுங்கள். பட்டயம், அதாவது அரசு நிலம் வழங்கிய பத்திரம், யார் பேரில், எந்தப் பயன்பாட்டுக்கு என்பதை நகல் வாங்கிப் பாருங்கள். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் கொடுத்த நிலத்தில் கடை நடத்தினால் என்றைக்கும் தலைவலி. உணவு உரிமம் மட்டும் போதாது. கேரளத்தில் 2023 முதல் சமையல்காரர், பரிமாறுகிறவர் எல்லாருக்கும் மருத்துவர் கையெழுத்திட்ட ஹெல்த் கார்டு கட்டாயம், டைபாய்டு தடுப்பூசியும் அதில் சேரும். ஊசியை நம் ஊரிலேயே போட்டுக்கொண்டு போனாலும் அங்கத்திய படிவத்தில் பதிய வேண்டும். பார்சலின் மேல் சமைத்த நேரமும் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லும் சீட்டும் ஒட்ட வேண்டும். நம் ஊர்க்காரர் இதை மறந்துவிட்டு அபராதம் கட்டுகிறார்கள்.

ஆட்களை வைத்து நடத்தும் முறைக்கு நகரத்தார் பழைய வழக்கமே இன்றைக்கும் உதவுகிறது. ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனபோது மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படி வைத்து, மூன்று வருஷக் கணக்குக்கு ஒருமுறை ஆள் மாற்றினார்கள். கணக்கு தமிழில், பேச்சு வாடிக்கையாளரின் மொழியில். மூணாறுக் கடைக்கு மூன்று வருஷம் தேவையில்லை. மாஸ்டருக்கு நாலு மாதம், பிறகு ஒரு மாதம் ஊர். அடுத்தாள் எப்போதும் மேலே இருக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து இறங்கக் கூடாது. கல்லாவில் மலையாளமும் தமிழும் தெரிந்த உள்ளூர்ப் பையன். அவன் சம்பளத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் வாடிக்கையாளர் அவனோடு அடுத்த கடைக்குப் போய்விடுவார். உதவியாளர் அசாமியாகவோ வங்காளியாகவோ இருப்பார்; அடுத்த சீசனில் வேறு ஆள் வருவார். ஆகவே வாய்மொழிச் சொல்லிக்கொடுத்தலை நம்பாதீர்கள். பொடி டப்பாக்களில் எழுத்துக்குப் பதில் வண்ணப் பட்டை ஒட்டுங்கள்: சிவப்பு மிளகாய், மஞ்சள் மல்லி, கறுப்பு மிளகு. பாத்திரத்தின் உள்பக்கம் தண்ணீர் மட்டத்துக்கு உளியால் கோடு. கைப்பிடி, ஒரு சிட்டிகை என்ற அளவெல்லாம் கிராமாக மாறியாக வேண்டும்.

வாடிக்கையாளரை அழைப்பதிலும் கவனம் வேண்டும். மலையாளிக்குச் சேட்டன், சேச்சி. லயத்துப் பெண்களுக்கு ‘அக்கா’ போதும். நம் மரியாதையில் ‘ஆச்சி’ என்றால், திருநெல்வேலி வழி வந்த குடும்பத்துப் பெண்ணுக்குக் கிழவி என்று சொன்ன மாதிரி ஆகும். விலைப்பலகை தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே உயரத்தில், ஒரே அளவு எழுத்தில் எழுதப்படட்டும். எந்த மொழி மேலே என்ற பேச்சுக்கு அந்த ஊரில் 1950-களின் நினைவு இன்னும் உண்டு, ஓட்டல்காரர் அதில் தலையிட வேண்டாம். டீவியில் தேர்தல் விவாதம் ஓடுவதையும் தவிர்க்கலாம்.

விடுப்புக் கணக்கைச் சித்திரையிலேயே போடுங்கள். தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம், கார்த்திகையில் தொடங்கும் பிள்ளையார் நோன்பின் முடிவு நாள், பங்குனியில் அவரவர் ஊர்க் கோயில் திருவிழா; இதற்கெல்லாம் ஆட்கள் கண்டிப்பாக இறங்குவார்கள், தடுத்தால் வேலையையே விட்டுவிடுவார்கள். பெரிய மோதல் வைகாசியில்தான். செட்டிநாட்டுக் கல்யாணங்கள் குவிகிற அதே மாதத்தில் மலையில் கூட்டம் உச்சம். ஒரு கல்யாணத்துக்கு மாஸ்டருக்குக் கிடைக்கும் கூலி மலைக் கடையின் இரண்டு வாரச் சம்பளத்தைத் தொடும். அதனால் மே மாதத்துக்கு மட்டும் தனிப் படி பேசி, முன்பணத்தில் பாதியைப் பங்குனியிலேயே கொடுத்துவிட்டால் ஆள் நிற்பார்.

மே கடைசி வாரத்தில் கடையை மழைக்குத் தயார் செய்ய வேண்டும். சாலை அறுந்தாலும் பத்து நாள் ஓடுகிற சரக்கு உள்ளே இருக்கட்டும்: நாளைக்கு 120 சாப்பாடு போகிற கடைக்கு இரண்டு அரிசியும் சேர்த்து 180 கிலோ, துவரம்பருப்பு 30 கிலோ, நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் 40 லிட்டர், குழம்புத்தூள் 12 பாக்கெட், உப்பு, புளி, அப்பளம், கருவாடு, நிரப்பிய சிலிண்டர் எட்டு. அரிசி மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் ஓரடி உயரப் பலகையில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். கருவாட்டை மட்டும் அரிசிக்கு எதிர்மூலையில் தொங்கவிட வேண்டும். மிஞ்சிய முறுக்கு, சீடை, பிரித்த மசாலா எல்லாம் கீழே இறங்கும் வண்டியில் போகட்டும்.